சான்றிதழுக்கு முன் ஒரு கடை: டிஜிட்டல் மார்க்கெட்டிங் கற்கத் தொடங்குவோருக்கு

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சி பற்றி விசாரிப்பவர்களில் மூன்று வகையினரை அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்வழியில் பி.ஏ.வோ பி.காமோ முடித்துவிட்டு, கணினி சார்ந்த வேலை தமக்கில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஒரு வகை. குழந்தை பிறந்தபின் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து மீண்டும் தொடங்க நினைக்கும் பெண்கள் மற்றொரு வகை. நாள்தோறும் பேருந்து ஏறி அலுவலகம் போய்வர உடல் இடம் தராத மாற்றுத்திறனாளிகள் மூன்றாம் வகை. மூவரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த நிறுவனத்தில் சேரலாம், கட்டணம் எவ்வளவு?" அது மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. ஏனென்றால் வேலைக்கு எடுப்பவர் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்த விளம்பரக் கணக்கை நடத்தினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், என்ன கிடைத்தது?" என்றுதான் கேட்பார். கல்லூரிப் பெயரோ ஆங்கில உச்சரிப்போ கைகொடுக்காதவர்களுக்கு இந்தத் துறை ஓரளவு நியாயமாக இருப்பதற்குக் காரணமே, அந்தக் கேள்விக்கு எண்களால் விடை சொல்ல முடியும் என்பதுதான். அந்த விடையை மூன்று நான்கு மாதங்களில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்தக் கிளை என்று முடிவு செய்யுங்கள்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ற பெயரில் ஒரே ஒரு வேலை கிடையாது. ஒரு கடையின் பக்கத்தைக் கூகுள் தேடலில் கட்டணமின்றி மேலே கொண்டுவருவது எஸ்.இ.ஓ.; பணம் கட்டி விளம்பரம் ஓட்டி அதன் வரவு செலவைக் கண்காணிப்பது வேறு; இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களை நடத்துவது வேறு; விளம்பர வாசகமும் கட்டுரையும் எழுதுவது வேறு; வந்த தரவை அட்டவணையில் போட்டு அலசுவது இன்னொன்று. கூட்டல் கழித்தலில் நிதானம் உள்ளவர், பி.காம். படித்தவர்கள் உட்பட, விளம்பரக் கணக்கு நடத்துவதில் நன்றாக வருவார். தமிழில் பிழையின்றி, சுருக்கமாக எழுதத் தெரிந்தவருக்கு எழுத்து வேலை பொருந்தும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதியதை வரிக்கு வரி மாற்றிய தமிழ் விளம்பரங்களை நாம் நாள்தோறும் பார்த்து முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்பின் காரணத்தை விளக்கத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. ஆனால் வெறுமனே படத்துக்குக் கீழே வாசகம் எழுதித் தரும் வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் செய்துவிடுகின்றன என்பதால், எழுத்தைத் தேர்ந்தெடுப்பவரும் அளவிடக் கற்றுக்கொள்வது நல்லது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல். கருவிகளின் திரையில் பெரும்பாலும் ஆங்கிலமே இருக்கும். அதற்கு இலக்கணம் தெரியவேண்டியதில்லை. இம்ப்ரெஷன், கிளிக், கன்வெர்ஷன், பட்ஜெட், ஆடியன்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதிக்கொண்டால் போதும். முதல் இரண்டு வாரத்தில் இதைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: கட்டணமில்லாததை முதலில் முடியுங்கள்

கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் கூகுள் ஆட்ஸ் (விளம்பரம் ஓட்டும் கருவி), கூகுள் அனலிடிக்ஸ் (இணையதளத்துக்கு வருவோரை அளக்கும் கருவி) பாடங்களும் தேர்வுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேடல் விளம்பரத் தேர்வில் 80 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும், பிறகு மீண்டும் எழுதவேண்டும். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் புளூபிரிண்ட் தளத்தில் பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஹப்ஸ்பாட் என்ற மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்தின் அகாடமியில் உள்ளடக்கம், மின்னஞ்சல் சார்ந்த பாடங்களைச் சான்றிதழோடு இலவசமாகவே முடிக்கலாம். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு எந்தெந்தப் பாடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று துறைத்தலைவரிடம் கேட்டறியலாம். சொந்தமாகத் தொழில் நடத்த நினைப்பவர்கள், சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சி அறிவிப்புகளைப் பார்த்து வரலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு நிறுவனமான தாட்கோ கட்டணமில்லாத் திறன் பயிற்சிகளை நடத்துகிறது. மாவட்ட அலுவலகத்தில் நடப்புப் பட்டியலைக் கேளுங்கள்.

இவற்றில் ஒன்றையாவது முடித்தபின்தான் கட்டணப் பயிற்சியைப் பற்றி யோசிக்கவேண்டும். அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், தனியாகப் படிக்க முடிகிறதா, அல்லது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திருத்தினால்தான் நகர்கிறதா என்று. இரண்டாவது வகையாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்துப் பெறவேண்டிய பொருளே அந்தத் திருத்தல்தான், பாடம் அல்ல.

மூன்றாம் படி: நிறுவனத்தைச் சோதியுங்கள்

கட்டணப் பயிற்சியில் சேருவதென்றால், பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். அனலிடிக்ஸ் பாடத்தில் எந்தப் பதிப்பைக் கற்றுத் தருகிறீர்கள் என்பது முதல் கேள்வி. பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது, ஜி.ஏ.4 என்ற பதிப்பே இப்போது உள்ளது. இன்னும் பழைய பதிப்பின் படங்களை வைத்துப் பாடம் நடத்துகிற இடத்தில், மற்ற பாடங்களும் அந்தக் காலத்திலேயே நின்றிருக்கும். இரண்டாவதாக, உண்மையான பணத்தில், உண்மையான விளம்பரக் கணக்கில் என் கையால் ஒரு விளம்பரத்தையாவது ஓட்ட விடுவீர்களா என்று கேளுங்கள். ஆசிரியர் தன் திரையைக் காட்டிவிட்டுப் போவது, நீச்சல் குளத்தின் கரையில் உட்கார வைத்து நீந்தக் கற்றுத் தருவதைப் போன்றது. மூன்றாவதாக, "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று துண்டறிக்கையில் இருந்தால், அந்த உத்தரவாதத்தின் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். எத்தனை மாதத்துக்குள், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று. நான் கட்டணம் கட்டிய ஓர் இடத்தில் அந்த உத்தரவாதம் என்பது, எல்லோருக்கும் தெரிந்த வேலைவாய்ப்புத் தளங்களின் இணைப்புகளை வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்வதாக முடிந்தது.

படிப்பில் சேர்ந்தவுடன் வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று சொன்னால், அது பயிற்சி நிறுவனமே அல்ல. ஆள் சேர்த்துப் பணம் பண்ணும் சங்கிலித் திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: ஒரு கடையைப் பிடியுங்கள்

உங்கள் ஊரில் நன்றாக ஓடுகிற, ஆனால் இணையத்தில் சரியாக இடம்பெறாத ஒரு சிறிய கடையைத் தேர்ந்தெடுங்கள். தையற்கடை, பல் மருத்துவமனை, நர்சரித் தோட்டம், எதுவானாலும் சரி. விளக்கத்துக்காகக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்து விற்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. வெளியூரிலும் கேட்டு வாங்குவார்கள். கடைக்காரரிடம் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்து தருகிறேன்" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். "கூகுள் மேப்பில் உங்கள் கடை தப்பான இடத்தில் காட்டுகிறது, சரி செய்து தரட்டுமா?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

முதல் வேலை கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் கடையின் பக்கம். கடையின் பெயர், சரியான வகை, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், பத்து நல்ல புகைப்படங்கள். இதற்குச் செலவு இல்லை. கணக்கின் உரிமையாளராகக் கடைக்காரரின் மின்னஞ்சலே இருக்கவேண்டும். நீங்கள் மேலாளராக மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும், பணம் கொடுத்து மதிப்புரை வாங்குவதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை. கடையின் பக்கமே முடங்கக்கூடும்.

அடுத்து, மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே பொருளை நம்மவர்கள் மூன்று விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள்: தமிழ் எழுத்தில் கடலைமிட்டாய் என்று, அதே சொல்லை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில், வடக்கே உள்ளவர்கள் சிக்கி என்று. மூன்றையும், தேடல் சொற்களின் போக்கையும் அளவையும் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ், கீவேர்டு பிளானர் ஆகிய கருவிகளில் போட்டுப் பார்த்து ஒரு அட்டவணையில் குறித்து வையுங்கள். தமிழ்ப் பேச்சுவழக்கு தெரியாத ஒருவர், எவ்வளவு பெரிய நிறுவனத்தில் இருந்தாலும், இந்த அட்டவணையை உங்களைப் போல் தயாரிக்க முடியாது.

பிறகு, கடைக்காரர் சம்மதித்தால், ஒரு சிறிய தேடல் விளம்பரம். இங்கேதான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள், ஆகவே சற்று நின்று பார்ப்போம். கணக்கைத் திறந்தவுடன் கூகுள் உங்களை எளிய வழிக்குள் தள்ளப் பார்க்கும். எல்லா அமைப்புகளும் தெரிகிற முழுத்திரை முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில், நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வதே இயல்பான அமைப்பாக இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றாவிட்டால், விளம்பரம் எங்கெங்கோ ஓடும். பிற இணையதளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க் என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். தேவையற்ற சொற்களை விலக்கும் பட்டியலில் "செய்வது எப்படி", "செய்முறை" ஆகியவற்றைச் சேருங்கள். அப்படித் தேடுபவர் வீட்டில் பாகு காய்ச்சப் போகிறவர், வாங்கப் போகிறவர் அல்லர். முன்பணம் கட்டும்போது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கழியும் என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 3,540 ரூபாய் கட்டினால் விளம்பரத்துக்குப் போவது 3,000 ரூபாய்தான்.

ஐந்தாம் படி: கணக்குப் பாருங்கள்

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். அந்த 3,000 ரூபாயில் விளம்பரம் 20,000 முறை காட்டப்பட்டு, 400 பேர் சொடுக்கினார்கள் என்றால், சொடுக்கும் விகிதம் 2 விழுக்காடு, ஒரு கிளிக்குக்கு 7 ரூபாய் 50 காசு. பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். தொடர்ந்து போங்கள். அந்த 400 பேரில் 24 பேர் வாட்ஸ்ஆப்பில் விசாரித்து, 6 பேர் வாங்கினார்கள் என்றால், வரியோடு சேர்த்து ஒரு விற்பனைக்கு ஆன செலவு 590 ரூபாய். ஒரு பெட்டியில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் 150 ரூபாய் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் 440 ரூபாய் நட்டம். விளம்பரம் "நன்றாக ஓடியது", கடைக்காரர் ஏமாந்தார்.

இதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டு, விசாரித்த 24 செய்திகளையும் மறுபடி படியுங்கள். அவற்றில் இரண்டு பேர் கல்யாணத் தாம்பூலப் பைக்கு முந்நூறு பாக்கெட் கிடைக்குமா என்று கேட்டிருக்கலாம். அப்படி ஓர் ஆர்டரில் 2,500 ரூபாய் லாபம் நிற்குமானால், அடுத்த மாத விளம்பரம் பெட்டி வாங்குபவரை விட்டுவிட்டு முகூர்த்த நாட்களுக்கு முன்பு மொத்தமாகத் தேடுபவரை நோக்கிப் போகவேண்டும். இந்த ஒரு திருப்பத்தை, முன்னும் பின்னும் உள்ள எண்களோடும் ஸ்கிரீன்ஷாட்களோடும், கடைக்காரரின் அனுமதி பெற்று நான்கு பக்கத்தில் எழுதி வைத்தால் அதுவே உங்கள் போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை தருபவரிடம் காட்டும் செய்த வேலைகளின் தொகுப்பு. நட்டத்தை எழுதலாமா என்று தயங்கவேண்டாம். நேர்காணல் செய்பவரின் கணக்குகளிலும் நட்டம் வந்திருக்கும். அதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் அவர் படிப்பார்.

வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குச் சில தனிக் குறிப்புகள்

பெண்களுக்கு முதலில் சொல்லவேண்டியது மிக எளிய விஷயம். சிம் கார்டு, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன் அல்லது கணவரின் எண்ணில் தொடங்கிய ஜிமெயில், அந்த எண் மாறியதும் திறக்காமல் போய், அதோடு இணைந்திருந்த விளம்பரக் கணக்கும் சான்றிதழும் சேர்ந்து போவது நடக்கக்கூடியதே. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பது குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யும் வேலை என்று வீட்டார் புரிந்துகொள்வதும் வழக்கம். விளம்பரக் கணக்கில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால் ஒரே நாளில் மாதப் பணம் கரையும். ஆகவே யாரும் குறுக்கிடாத இரண்டு மணி நேரத்தைப் பேசி வாங்கிக்கொண்ட பிறகே பிறர் பணத்தைத் தொடுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரை வாசிப்பானைப் பயன்படுத்தலாம். விளம்பரக் கணக்கின் திரையில் வரைபடங்களும் அட்டவணைகளும் நெரிசலாக இருப்பதால், அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கி, அதில் வேலை செய்வது குறைந்த களைப்பில் முடியும். எழுத்து, மின்னஞ்சல், எஸ்.இ.ஓ. வேலைகளில் இந்தச் சிக்கல் இன்னும் குறைவு. செவித்திறன் குறைந்தவர்கள், வாடிக்கையாளருடனான பேச்சு முழுவதும் எழுத்திலேயே நடக்கும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளச் செய்துவிடலாம். எழுத்தில் இருப்பதால் பின்னால் தகராறும் குறையும். மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் சட்டம் 2016 இன்படி, தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடவேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் இருக்கவேண்டும். நேர்காணலுக்கு முன் மனிதவளத் துறைக்கு எழுதி அந்தக் கொள்கையைக் கேட்பது உங்கள் உரிமை.

மாற்றுத்திறனாளிகள் இந்தத் துறைக்குள் கொண்டுவரும் அறிவுக்கும் ஒரு விலை உண்டு. படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (திரை வாசிப்பான் படித்துச் சொல்லும் விளக்கம்) எழுதுவது, காணொலிக்கு எழுத்துரை சேர்த்துத் தானியங்கிப் பிழைகளைத் திருத்துவது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றைப் பெரும்பாலான சிறு விளம்பர முகமைகள் செய்வதில்லை. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த தீபாவளி விளம்பரத்தை யாராலும் படிக்க முடியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர், அதனால் அன்றாடம் அவதிப்படுபவராகவே இருப்பார்.

மடிக்கணினி இல்லாதவர்கள் கைபேசியில் பாடங்களை முடித்துவிடலாம், ஆனால் விளம்பரக் கணக்கைக் கைபேசியில் மட்டும் நடத்த முயலவேண்டாம். உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் கணினி வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

கடைசிப் படி: வேலையும் வாடிக்கையாளரும்

தொடக்கநிலை வேலைகளில் சம்பளம் குறைவாகவும் வேலை நெருக்கமாகவும் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் கோவையிலும் உள்ள முகமைகளில் ஒருவரே பல கணக்குகளைப் பார்ப்பார். ஓராண்டு அங்கே இருப்பது, தனியாகத் தொழில் செய்வதைவிட வேகமாகக் கற்றுத் தரும் என்பது என் எண்ணம். ஊரை விட்டு வர முடியாதவர்கள், இரண்டு மூன்று உள்ளூர்க் கடைகளை மாதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு அதே அனுபவத்தைச் சற்று மெதுவாகப் பெறலாம். தனியாகச் செய்வதென்றால், என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், விளம்பரப் பணம் யாருடைய அட்டையிலிருந்து போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விளம்பரப் பணம் எப்போதும் கடைக்காரரின் கணக்கிலிருந்தே நேராகப் போகட்டும். கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகக் கட்டாயம், ஆகவே தொடக்கத்தில் அந்தக் கவலை வேண்டாம்.

வேலை தேடும் நாட்களில், டெலிகிராமிலோ வாட்ஸ்ஆப்பிலோ "காணொலிக்கு லைக் போட்டால் பணம்" என்று டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்ற பெயரில் அழைப்பு வரும். முதல் நாள் நூறோ இருநூறோ உண்மையாகவே போட்டுவிட்டு, அடுத்த நிலைக்குப் போக முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போகும். உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுத்தால் கமிஷன் தருவதாகச் சொல்பவருக்கு மறுமொழியே அனுப்பவேண்டாம்.

ஒரு கடையோடு ஒப்பந்தம் முடியும்போது, கீவேர்டு அட்டவணை, விளம்பர அறிக்கைகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கூகுள் பக்கத்திலிருந்தும் மெட்டா கணக்கிலிருந்தும் உங்கள் பெயரை அவர் கண்முன்னே நீக்கிவிடுங்கள். அடுத்த கடைக்காரர் உங்களைப் பற்றி விசாரிக்கப் போவது அவரிடம்தான்.